பென்சில் நின்ற நேரம்

சென்ற மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். சட்டமன்றத்தில் நான் வேலை பார்த்த நிருபர் பிரிவில் இப்போது இருக்கிறாளாம். உறுப்பினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் வேலை இனி கொஞ்ச நாளைக்குத்தானாம். கணினியே கேட்டு எழுதிவிடப் போகிறதாம். அதற்குமுன் பழைய ஆட்களிடம் கட்டுரை வாங்கி ஒரு மலர் போடுகிறார்களாம். "சார், உங்களால மறக்கவே முடியாத ஸ்பீச் எது? அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

எனக்கு ஒரு பேச்சும் நினைவில் இல்லை. ஓய்வு பெற்ற தபால்காரரிடம் போய், நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்த கடிதங்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்பதைப் போல இருந்தது. அதை அப்படியே சொன்னேன். நான் தமாஷ் செய்வதாக நினைத்துச் சிரித்துவிட்டு, மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லி வைத்துவிட்டாள்.

பேச்சு நினைவில் இல்லை. ஆனால் பேச்சு இல்லாத ஓர் இடம் நினைவில் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கு மேற்கே மாடியில் இருந்த ஒரு தட்டெழுத்துப் பயிலகத்தில் சுருக்கெழுத்து கற்றேன். கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் தமிழ், மாலையில் ஆங்கிலம், வானொலிச் செய்தியைக் கேட்டு வீட்டில் பயிற்சி, மூன்று முறை உயர்வேகத் தேர்வு, மூன்றாம் முறை தேர்ச்சி. வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு உள்ளே புதிதாக மனை பிரித்த ஒரு நகரில் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டினேன். நகர் என்பது பலகையில்தான். மொத்தம் ஏழு வீடுகள். சுற்றிலும் அப்போதுதான் பயிர் வைப்பதை நிறுத்தியிருந்த வயல்கள். தாம்பரம் போகும் சாலைக்கும் எங்களுக்கும் நடுவே ஏரியின் உபரிநீர் போகும் ஓடை ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் ஆடு மேயும். மழைக் காலத்தில் அதன் குணமே வேறு.

இப்போது வேலையைச் சொல்கிறேன். அவைத் தலைவரின் இருக்கைக்குக் கீழே, உறுப்பினர்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் எங்கள் மேஜை. ஒருவருக்குப் பத்து நிமிடம். அதை முறை என்போம். உங்கள் முறை முடியும் தறுவாயில் அடுத்தவர் ஓசையில்லாமல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை விளிம்பை ஒரு விரலால் தொடுவார். தொட்டால் அவர் எழுத ஆரம்பித்துவிட்டார் என்று பொருள். நீங்கள் எழுந்து வெளியே போய், எடுத்ததைத் தட்டச்சுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த முறை வந்துவிடும். சட்டைப் பையில் எப்போதும் சீவிய பென்சில் நான்கு இருக்கும். பேனா எங்களுக்கு ஆகாது. மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் வேறு வேறு ஒலி. அந்த அழுத்தம் பென்சிலில்தான் வரும்.

வெளியில் இருப்பவர்கள் சட்டமன்றம் என்றால் தினமும் சண்டை நடப்பதாக நினைக்கிறார்கள். சண்டை நடக்கும் நாள் எங்களுக்குச் சுலபம். '(குறுக்கீடுகள்)' என்று போட்டால் தீர்ந்தது. பெரும்பாலான நாட்கள் ஒன்றுமே நடக்காத நாட்கள். மணி அடிக்கும். எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். கேள்வி நேரம். இந்த ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்ட அரசு முன்வருமா? இல்லை. அந்த ஊர்ச் சாலையைச் செப்பனிடும் எண்ணம் உண்டா? பரிசீலனையில் உள்ளது. பிறகு ஏடுகளை மேஜைமேல் வைப்பார்கள். மானியக் கோரிக்கை, வெட்டுத் தீர்மானம், ஆம் என்போர், இல்லை என்போர். பின்வரிசையில் யாராவது ஒருவர் நன்றாகத் தூங்குவார். அதைக் குறிப்பில் ஏற்றுவதில்லை.

எங்கள் தலைமை நிருபர் தணிகாசலம் சார். மெலிந்த உருவம், முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். ஒரு நாளும் குரலை உயர்த்தியவர் அல்லர். தட்டச்சு செய்த தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு நிற்க வேண்டும். எஃகு அளவுகோல் ஒன்றை முதல் வரிக்குக் கீழே வைப்பார். படிப்பார். அளவுகோலை ஒரு வரி கீழே இறக்குவார். சந்தேகம் வந்தால் அளவுகோல் அங்கேயே நிற்கும். தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: "இது அவர் சொன்னதா, நீங்க சொன்னதா?" இலக்கணப் பிழையோடு பேசியவரின் வாக்கியத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். நான் சேர்ந்த புதிதில் ஒரு தடவைதான் எனக்குப் பாடம் மாதிரி ஒன்று சொன்னார். "காதுக்கும் கைக்கும் நடுவுல நீங்க நிக்காதீங்க. கேட்டா கை தானா எழுதும். அர்த்தம் புரிஞ்சுக்கப் பாத்தீங்கன்னா ஒரு வரி போயிடும். தலையைத் தூக்கினீங்கன்னா ரெண்டு வரி போயிடும்."

அதனால் நாங்கள் தலை தூக்குவதில்லை. குரலை வைத்தே ஆளைச் சொல்வோம். எத்தனையோ அமைச்சர்களை எனக்குத் தெரியும், செருப்பை வைத்தும் குரலை வைத்தும்.

அவையில் கேட்டதை வெளியில் பேசக் கூடாது என்பது விதி. எங்கள் ஆட்கள் அதைக் கொஞ்சம் இழுத்து, வெளியில் பேசவே கூடாது என்று ஆக்கிக்கொண்டார்கள். தணிகாசலம் சார் பல்லாவரத்தில் குடியிருந்தார். நான் தாம்பரம். கோட்டை நிலையத்தில் இருவரும் ஒரே மின்சார ரயிலில் ஏறுவோம். பெரும்பாலும் ஒரே பெட்டி. ஏறியதும் ஒரு தலையசைப்பு. பல்லாவரத்தில் அவர் இறங்கும்போது ஒரு தலையசைப்பு. நடுவில் முக்கால் மணி நேரம் ஆளுக்கொரு கதவோரம். பதினோரு வருடம் இப்படியே போனது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிள்ளை இல்லை என்று அவருக்கும் தெரியாது.

வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நாளெல்லாம் அடுத்தவர் பேச்சை எழுதிவிட்டு வருபவனுக்குக் காதில் இன்னொரு சொல் நுழைய இடம் இருக்காது. என் மனைவி சரோஜா எதையாவது சொல்லிக்கொண்டே வருவாள். நான் "உம்" என்பேன். "அந்த உம்மை நீங்க எழுத்துல எப்படிப் போடுவீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேலி செய்வாள். கல்யாணமான புதிதில் அது கேலிதான்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அவள் உண்டானாள். ஏழாம் மாதம் நடந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. அன்று காலை ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிக் கடந்தேன். கரையில் குடையோடு நின்ற சரோஜா, "இன்னிக்கு ஒரு நாள் போகாம இருக்கக் கூடாதா?" என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல், "எனக்கு முறை இருக்கு" என்றேன்.

பத்து மணிக்கு அவளுக்கு வலி எடுத்திருக்கிறது. அதற்குள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து ஓடை மார்பளவுக்கு ஏறிவிட்டது. அந்த ஏழு வீடுகளில் ஒருவரிடமும் தொலைபேசி கிடையாது. இருந்தாலும் அவை நடக்கும்போது நிருபரை எழுப்பி வெளியே கூப்பிட மாட்டார்கள். நான் அந்த நேரத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். எதை என்று பிறகு அச்சேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மீன்வளம்.

மாலையில் திரும்பி வந்தபோது ஓடைக்கரையில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். எங்கள் மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர் வீட்டு வயல்கள். விற்றது போக மிஞ்சியதில் நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். இடுப்புவரை சேறு.

"ஆபீசு வுட்டு இப்பத்தான் வரியா சார்? காத்தாலேருந்து அல்லாடிட்டோம். தண்ணி கழுத்து வரிக்கும் பூட்ச்சு. ரெண்டு மணிக்கு மேலதான் கொஞ்சம் எறங்குச்சு. கட்டில்ல படுக்க வெச்சு நாலு பேரா தூக்கிகினு அந்தாண்ட கொண்டாந்தோம். தாம்பரம் ஆஸ்பத்திரில கீது."

"குழந்தை?" என்றேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். "அம்மா நல்லா கீது சார்" என்றார்.

பெண் குழந்தை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். போகாமல் இருந்திருக்கலாம். விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணத்தை வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை. பிரிவில் யாருக்கும் அவள் உண்டாகியிருந்ததே தெரியாது. எந்த மனுவிலும் எந்தப் பதிவேட்டிலும் நான் அதை எழுதவில்லை. வீட்டுக்கு வந்து சரோஜாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பேன், அவள் கையைப் பார்ப்பேன். தலை தூக்காமல் இருப்பது எனக்குத் தொழில் அல்லவா, வசதியாகப் போயிற்று.

மூன்று வருடம் போனது. ஒரு நாள் வரவிருக்கும் வினாக்களின் பட்டியல் எங்கள் பிரிவுக்கு வந்தபோது அதில் எங்கள் ஓடை இருந்தது. தாம்பரம் வட்டம், ராஜகீழ்ப்பாக்கம் அருகில் ஏரி உபரிநீர் ஓடையின் குறுக்கே பாலம் கட்ட அரசு முன்வருமா என்று எங்கள் தொகுதி உறுப்பினர் கேட்டிருந்தார். எங்கள் தெருப் பெண்கள் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்ததன் பலன். அந்த நடையில் முதல் ஆள் சரோஜா என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் நானாகவே பேச்செடுத்தேன். "வியாழக்கிழமை நம்ம ஓடை கேள்வி வருது. பாஸ் வாங்கித் தரேன். வந்து கேக்கறியா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள் போலிருக்கிறது. "வரேன்" என்றாள். மூன்று வருடத்தில் நான் அவளை எங்கேயும் கூப்பிட்டதில்லை.

வியாழக்கிழமை பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ரயிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். பல்லாவரத்தில் ஏறிய தணிகாசலம் சார் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேறு கதவுப் பக்கம் போய்விட்டார். கோட்டையில் அவளைப் பார்வையாளர் மாடத்துக்கு அனுப்பிவிட்டு நான் பிரிவுக்குப் போனேன்.

என் கணக்குப்படி அந்தக் கேள்வி என் முறையில் வரக் கூடாது. எனக்கு அடுத்தவர் முறையில் வர வேண்டும். ஆனால் முன்னால் இருந்த மூன்று கேள்விகளைக் கேட்டவர்கள் அன்று அவைக்கு வரவில்லை. கேள்விகள் கடகடவென்று தாண்டின. என் முறை தொடங்கி ஏழாவது நிமிடம், அவைத் தலைவர் எங்கள் ஓடையின் வினா எண்ணைப் படித்தார்.

என் கை எழுதிக்கொண்டிருந்தது. அமைச்சர் எழுந்து, அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்த விடையைப் படித்தார். "தற்போது பாலத்துக்கு அவசியம் எழவில்லை. மேற்படி ஓடையினால் பொதுமக்களுக்கு இதுவரை பாதிப்பு ஏதும் ஏற்பட்டதாகத் தகவல் இல்லை."

கை அதையும் எழுதியது. பாதிப்பு ஏதும் இல்லை என்பதற்குச் சுருக்கெழுத்தில் மூன்று கோடுகள். போட்டு முடித்தேன். அமைச்சர் பொய் சொல்லவில்லை. தகவல் இல்லை என்றார். தகவல் கொடுத்திருக்க வேண்டியவன் அவருக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். இதை அவள் மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் என் தலை தானாக நிமிர்ந்தது.

பார்வையாளர் மாடத்தில் இரண்டாம் வரிசை. பச்சைப் புடவை. அவள் அமைச்சரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கோபமும் இல்லை. நான் எழுதினேனா என்று பார்ப்பதைப் போல இருந்தது அந்தப் பார்வை. மூன்று வருடத்தில் எவ்வளவு மெலிந்துவிட்டாள், கன்னத்து எலும்பு தெரிகிறதே என்று நினைத்தேன். இப்படி ஒரு நினைப்பு அந்த மேஜையில் உட்கார்ந்து எனக்கு வந்ததே இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

என்னைச் சுற்றி மேஜைகளைத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். எல்லா வரிசையிலும் தட்டினார்கள். அவைத் தலைவர் அடுத்த வினா எண்ணைச் சொல்லிவிட்டார். குறிப்பேட்டில் அந்த மூன்று கோடுகளுக்குப் பிறகு வெறும் தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு விரல் மேஜை விளிம்பைத் தொட்டது.

தட்டச்சுத் தாளைத் தணிகாசலம் சார் முன் வைத்தேன். அளவுகோல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து அந்த இடத்தில் நின்றது. அங்கே நான் '(மேஜை தட்டுதல்)' என்று மட்டும் போட்டிருந்தேன்.

"எதுக்குத் தட்டினாங்க?"

"நான் கேக்கலை சார்."

"துணைக்கேள்வி ஒண்ணு இருந்திருக்கணுமே. அமைச்சர் பதில் சொல்லியிருக்கணுமே."

"இருந்திருக்கணும் சார். நான் கேக்கலை."

அவர் அளவுகோலை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருடத்தில் அப்படிப் பார்த்தது முதல் தடவை. எழுந்து ஒலிப்பதிவு அறைக்குப் போனார். ஹெட்போனைக் காதுகளில் மாட்டிக்கொண்டு நாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நடந்தது பிறகுதான் தெரிந்தது: உறுப்பினர் ஒலிவாங்கி வருவதற்குமுன் நின்ற இடத்திலிருந்தே கேட்டிருக்கிறார். அமைச்சர் உட்காரப் போனவர், ஒலிவாங்கிக்கு வராமலே பாதியில் திரும்பிப் பதில் சொல்லியிருக்கிறார். நாடாவில் இருந்தது மேஜைச் சத்தம் மட்டும். தாளை எடுத்துக்கொண்டு அமைச்சரின் அறைக்குப் போனார். என்ன சொன்னோம் என்று அமைச்சருக்கே நினைவில்லை என்று அங்கிருந்த உதவியாளர் சொல்லிவிட்டார். உறுப்பினருக்குத் திருத்தத்துக்கு ஒரு படி போனது. அது திரும்பி வரவில்லை. வழக்கமாகவே வராது.

இதெல்லாம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவையில் அமைச்சர் ஒன்றைச் செய்வதாகச் சொன்னால் அது உறுதிமொழி. உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. செய்தீர்களா, எப்போது செய்வீர்கள் என்று துறையை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குழு பார்ப்பது அச்சான ஏட்டை மட்டும்தான். ஏட்டில் இல்லாத வார்த்தை சொல்லாத வார்த்தை.

மாலையில் வீட்டுக்குப் போனால் தெருவே வாசலில் நின்றது. எனக்குமுன் வந்துவிட்ட சரோஜா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"நம்ம எம்.எல்.ஏ. எழுந்து, ஒரு கர்ப்பிணிப் பொண்ணைக் கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்களே, அது பாதிப்பு இல்லையான்னு கேட்டார். மந்திரி திரும்பி நின்னு, அப்படின்னா இந்த வருஷமே கட்டித் தரோம்னு சொன்னார். எல்லாரும் மேஜையைத் தட்டினாங்க. இவர்தான் எழுதினார், கேளுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "உம்" என்றேன்.

மறுநாள் காலை ரயிலில் தணிகாசலம் சார் ஏறியதும் கதவோரத்தை விட்டுவிட்டு அவரிடம் போனேன். "சார், அந்த வார்த்தை கிடைச்சிருச்சு" என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல" என்றார். கோட்டை வரை வேறு பேச்சில்லை.

பிரிவில் அவர் முன்னால் நின்று அமைச்சரின் பதிலைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

"நேத்து கேக்கலைன்னீங்க. இன்னிக்கு எப்படி?"

"என் மனைவி மாடத்துல இருந்தா சார். அவ கேட்டா."

"பார்வையாளர் கேட்டதுக்குக் குறிப்புல இடம் இல்லை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார். ஆனா சொன்னது நிஜம். சத்தியமா சொன்னார்."

"நிஜமாத்தான் இருக்கும்" என்றார். அளவுகோலைக் கையில் எடுத்து மறுபடி வைத்தார். "ஏன் நின்னுது உங்க கை?"

நான் சொன்னேன். ஓடை, மழை, கட்டில், மீன்வளம் எல்லாவற்றையும். நான்கைந்து வாக்கியங்கள்தான் இருக்கும். அதை வாயால் நான் சொன்னது அதுவே முதல் தடவை.

"உக்காருங்க" என்றார். அவர் முன்னால் எங்களில் யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். தன் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

"நான் இதை ஏத்தினா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து தனக்கு வேண்டிய வரியைச் சொல்வார். அவருக்கும் ஒரு காரணம் இருக்கும். அப்புறம் இந்த அலமாரியில இருக்கிற எந்த ஏட்டை யார் நம்புவாங்க? என்னால முடியாதுப்பா."

அந்த 'ப்பா' அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. தாளில் '(மேஜை தட்டுதல்)' பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். பிழையில் தனக்கும் பங்கு என்று அதற்கு அர்த்தம். விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை எதுவும் வரவில்லை. ஏடு அச்சுக்குப் போனது.

அன்று மாலை ரயிலில் வழக்கம்போல ஆளுக்கொரு கதவோரம். பல்லாவரம் வந்தது. வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம் முட்டி மோதி ஏறியது. அவர் இறங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். குரோம்பேட்டை போனது, சானடோரியம் போனது. தாம்பரத்தில் என்னோடு இறங்கினார். சைக்கிள் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து, நான் பூட்டைத் திறக்கும்வரை நின்றுவிட்டு, தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போகும் ரயிலைப் பிடிக்கப் படியேறினார். எனக்கு அழுகை வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

சரோஜாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரமே ஏகாம்பரம் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரை முட்செடிகளை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார். "ஜல்லி லாரி வரணுமில்ல சார்" என்றார். அவரிடம் நான் என்ன சொல்வது? ஒவ்வொரு மாதமும் சரோஜா, "உங்க மந்திரி இன்னும் ஆளை அனுப்பலியே" என்பாள். நான் "வரும்" என்பேன். அந்த வருட மழை வந்தது. அடுத்த வருட மழையும் வந்தது. முட்செடிகள் பழையபடி வளர்ந்துவிட்டன.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபித் தம்ளருக்கு அடியில் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தாள். தெருப் பெண்களோடு சேர்ந்து உறுதிமொழிக் குழுவுக்கு மனு எழுதியிருக்கிறாள். அதற்கு வந்த பதில். மனுவில் கண்டவாறான உறுதிமொழி எதுவும் அவைக் குறிப்பில் இடம்பெறவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அந்த நேரத்துல எழுதினது யாரு?"

"நான்தான்."

"மேல உக்காந்திருந்த எனக்கே கேட்டுது. உங்களுக்குக் கேக்கலியா?"

"கேக்கலை."

"ஏன்?"

தணிகாசலம் சாரிடம் சொல்ல முடிந்தது. இவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "உன்னைப் பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

தெருவில் யாரோ பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து, எடை போட்டு, போயும்விட்டான்.

"தெரியும்" என்றாள். "நானும் உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன். அதுவரைக்கும் மூணு வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் என் மூஞ்சியப் பாத்தீங்க. அதுக்கு ஒரு பாலம் போச்சா?"

கடிதத்தை எடுத்து மடித்துச் சமையலறை அலமாரியில் காகிதத்துக்கு அடியில் செருகினாள். "காபி ஆறுது, குடிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் பழைய ஆள்தான். அவள் பாலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். தெருவில் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒன்று மட்டும் செய்தாள். மழைக்காலத்தில் நான் வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு ஓடைக்கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் இந்தப் பக்கம் இறங்கும்போது அந்தப் பக்கம் அவள் நிற்பது தெரியும். அந்த நேரங்களில் மட்டும் நான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டே தண்ணீரைக் கடப்பேன். கீழே பார்த்து நடக்கச் சொல்லித் திட்டுவாள். ஆறு மழைக்காலம் அப்படிப் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் பாலம் வந்தது. யாருடைய உறுதிமொழியாலும் அல்ல. சுற்றிலும் வீடுகள் பெருகி, கார் வைத்திருப்பவர்கள் குடிவந்து, நான்கு சிமெண்ட் குழாய்களைப் போட்டு மேலே தளம் போட்டார்கள். திறப்பு விழாகூட இல்லை. ஏகாம்பரம்தான் முதலில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். "இத்துக்கா சார் இவ்ளோ வருசம்?" என்றார். சரோஜா ஒரு முறை அக்கரைவரை நடந்து போய், திரும்பி வந்து, பால் வைக்க உள்ளே போய்விட்டாள். பாலம் வந்த பிறகு அவள் கரையில் நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எனக்கும் தலை தூக்க வேண்டிய அவசியம் இல்லை. நேராக நடந்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் அவள் போய்விட்டாள். தணிகாசலம் சார் அதற்கும் முன்பே. இப்போது வீட்டில் நான் மட்டும்தான். காலையில் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருகிறேன். ஒரு நாளைக்கு நான் பேசுவது பத்து வாக்கியம் இருக்காது. அவள் சொன்னதை எல்லாம் நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஊரார் பேச்சை முப்பது வருடம் ஒரு சொல் விடாமல் எழுதியவனுக்கு, பெண்டாட்டி பேசியதில் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் ரயிலேறிப் போய், நூலகத்தில் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கினேன். தூசி தட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பெயர் ஏட்டில் எங்கேயும் இருக்காது, அது வழக்கமில்லை. பக்கத்தைக் கண்டுபிடித்தேன். பாதிப்பு ஏதும் ஏற்பட்டதாகத் தகவல் இல்லை. அடுத்த வரி, '(மேஜை தட்டுதல்)'. அதற்கும் அடுத்த வரியில் வேறு ஊர், வேறு கேள்வி.

மலர் போடும் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் கணினி எதையும் விடாமல் எழுதட்டும், நல்லது. நான் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பாலம் போனது, என் தொழிலின் மானம் போனது. ஏட்டை மூடாமல் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு நூலகம் சாத்தும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நான் சரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.